பருவம் தவறிய குளிரும் சைக்கிள் பயணமும்: வாசகர் கேள்வி – பதில்

பருவத்துக்கு முன்பே வந்துவிட்ட காலைக்குளிரால், சைக்கிளில் வேலைக்குச் செல்லும் வாசகர்கள் பலர் உடை பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைத் தொடும் கடிதங்களை ஒன்றாக இணைத்து இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: வீட்டிலிருந்து என் அலுவலகம் 9 கிலோமீட்டர். சில நாட்களாகக் காலை வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் வரை இறங்கிவிடுகிறது. பனியன், சட்டை, ஸ்வெட்டர், அதன்மேல் கனத்த ஜாக்கெட் என்று அணிந்து புறப்பட்டால் பாதி வழியிலேயே உள்ளாடை நனைந்துவிடுகிறது. போய்ச் சேர்ந்த பிறகு நடுக்கம் எடுக்கிறது. வெறும் ஸ்வெட்டரோடு சென்றாலோ மார்பில் குளிர் குத்துகிறது. எதை அணிவது?

பதில்: துணியின் கனத்தைக் குறைத்து, காற்றுத் தடுப்பைக் கூட்டுங்கள். சுருக்கமான பதில் இதுதான். ஆனால், காரணம் தெரிந்துவிட்டால் அந்தந்த நாளுக்கு என்ன உடுத்துவது என்பதை நீங்களே முடிவுசெய்துகொள்ள முடியும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நாற்காலியில் சும்மா அமர்ந்திருப்பவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. சைக்கிள் மிதிக்கும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் பெடலுக்குப் போய்ச் சேர்வதில்லை. எஞ்சியது முழுவதும் வெப்பமாகிவிடுகிறது. அதனால் மிதமான வேகத்தில் செல்பவரின் உடலில்கூட 300 வாட் அளவுக்கு வெப்பம் உண்டாகிறது. உடையின் கதகதப்பை அளப்பதற்கு ‘க்ளோ’ என்றோர் அலகு இருக்கிறது. 21 டிகிரி வெப்பமுள்ள அறையில் அமர்ந்திருப்பவருக்கு இதமாக இருக்கப் போதுமான உடையே 1 க்ளோ என்று 1941-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் வகுத்தார்கள். அந்த வரையறையில் ‘அமர்ந்திருப்பவர்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். உடலில் உண்டாகும் வெப்பம் மூன்று மடங்காகும்போது, அதே குளிருக்குத் தேவைப்படும் உடை பாதிக்கும் கீழே போய்விடுகிறது. நீங்கள் அணியும் கனத்த ஜாக்கெட், பேருந்துக்காக நின்றுகொண்டிருப்பவருக்கு உரியது.

அப்படியானால் வெறும் ஸ்வெட்டரில் ஏன் குளிர் குத்துகிறது? பின்னலாடை கதகதப்பைத் தருவது நூலால் அன்று, நூலுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்றால். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நீங்கள் செல்லும்போது, காற்றே வீசாத காலையிலும் அதே வேகத்தில் எதிர்க்காற்று உங்கள் மார்பில் மோதி, பின்னலுக்குள் புகுந்து, உள்ளே தேங்கியிருந்த வெதுவெதுப்பைக் கலைத்துவிடுகிறது. அதே ஸ்வெட்டரின் மேல் மிக மெல்லிய நைலான் விண்ட்சீட்டர் ஒன்றை அணிந்தால் நிலைமை உடனே மாறிவிடும்.

எனவே 10 டிகிரிக்கு, உடலோடு ஒட்டிய மெல்லிய முழுக்கை கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளாடை ஒன்றும், அதன்மேல் விண்ட்சீட்டர் ஒன்றும் பெரும்பாலோருக்குப் போதும். 15 டிகிரியாக இருந்தால், முன்பக்கம் காற்றைத் தடுத்து முதுகில் வலைத்துணி வைத்த கையில்லாத மேலங்கியே போதுமானது. எதிர்க்காற்று மோதாத முதுகில் தடுப்பு தேவைப்படுவதில்லை, அங்கே வியர்வை வெளியேற வழிதான் வேண்டும். 5 டிகிரிக்கு இறங்கினால், உள்ளாடைக்கும் விண்ட்சீட்டருக்கும் இடையே மெல்லிய ஸ்வெட்டரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இவை தொடக்கக் கணக்குகளே. மெலிந்தவருக்கும், மெதுவாக மிதிப்பவருக்கும், வயதில் மூத்தவருக்கும் ஓர் அடுக்கு கூடுதலாகத் தேவைப்படலாம்.

வீட்டு வாசலில் நிற்கும்போது சற்றுக் குளிர வேண்டும் என்பதை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். உடல் சூடேற ஐந்து முதல் பத்து நிமிடங்கள் ஆகும். புறப்படும்போதே இதமாக இருக்கும் உடை, அதற்குப் பிறகு கட்டாயம் புழுங்கும். வியர்த்த பிறகு ஜாக்கெட்டைத் திறப்பதும் பயனற்றது. மேடு ஏறுவதற்கு முன்பே ஜிப்பை இறக்கி, இறக்கத்துக்கு முன்பே ஏற்றிவிட வேண்டும். வியர்வை உலரும்போது ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 2.4 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. உங்கள் பனியனில் ஊறிய 100 மில்லிலிட்டர் வியர்வை 20 நிமிடங்களில் உலர்ந்தால், அதற்கு 200 வாட் தேவை. அமர்ந்துவிட்ட உங்கள் உடலோ அதில் பாதியைத்தான் உண்டாக்குகிறது. அந்த வெப்பம் முழுவதும் உடலிலிருந்தே போவதில்லை என்றாலும், அலுவலகத்தில் வரும் நடுக்கத்துக்கு இதுவே காரணம்.

கேள்வி: வானிலை அறிக்கை 10 டிகிரி என்கிறது. சைக்கிளில் அது 5 டிகிரி போல் இருக்கிறது. இதைக் கணக்கிட வழி உண்டா?

பதில்: உண்டு. அண்டார்டிகாவில் பணியாற்றிய சைபிள், பாஸல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் தொடங்கிவைத்த ‘காற்றுக்குளிர்’ கணக்கு, 2001-இல் கனடாவிலும் அமெரிக்காவிலும் புதிய சூத்திரமாகத் திருத்தி அமைக்கப்பட்டது. அதன்படி மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றில் 10 டிகிரி என்பது 7 ஆகவும், 5 டிகிரி என்பது 1 ஆகவும், 0 டிகிரி என்பது கழித்தல் 5 ஆகவும் தோன்றும். சூத்திரத்தில் வரும் காற்றின் வேகம் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அளக்கப்படுவது. முகத்தின் உயரத்தில் அது குறைந்துவிடும் என்ற கழிவும் கணக்கில் சேர்ந்திருக்கிறது. சைக்கிள்காரருக்கு அந்தக் கழிவு கிடையாது, முழு வேகமும் நேராக முகத்தில் மோதுகிறது. ஆகவே உங்களுக்கு இன்னும் ஒரு டிகிரி குறைத்தே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்த எண்ணைப் பார்த்து உடுத்த வேண்டாம். அது மூடப்படாத முகத்துக்கான கணக்கு. விண்ட்சீட்டருக்குள் இருக்கும் மார்புக்குப் பொருந்தாது. முகம், காது, விரல் ஆகியவற்றுக்கு காற்றுக்குளிரையும், உடம்புக்கு வானிலை அறிக்கையின் எண்ணையும் பார்ப்பதே முறை.

கேள்வி: சென்ற குளிர்காலத்தின் இறுதியில் இதே 10 டிகிரியில் அரைக்கைச் சட்டையோடு சென்றேன். இப்போது நடுங்குகிறேன். உடல் பலவீனமாகிவிட்டதோ?

பதில்: இல்லை. குளிருக்கு உடல் பழகுவதற்குச் சில வாரங்கள் தேவை. பழகிய உடலில் நடுக்கம் தாமதமாகவே தொடங்கும், தோலின் உறுத்தலும் குறையும். பருவம் தவறி வந்த குளிர் அந்த அவகாசத்தைத் தருவதில்லை. முதல் வாரம் ஓர் அடுக்கு கூடுதலாக அணிவதில் வெட்கப்பட ஏதுமில்லை.

கேள்வி: எப்போதும் பருத்திப் பனியன்தான் அணிவேன். குளிரில் பருத்தி கூடாது என்கிறார்களே, அவ்வளவு கெட்டதா?

பதில்: வியர்க்காதவரைக்கும் பருத்தியில் ஒரு குறையும் இல்லை. 3 கிலோமீட்டர் தூரத்தை நிதானமாகக் கடப்பவர் தாராளமாக அணியலாம். வியர்த்த பிறகுதான் வேறுபாடு தெரியும்: பருத்தி நீரை நூலுக்குள் இழுத்துவைத்துக்கொண்டு தோலோடு ஒட்டிக்கொள்கிறது, எளிதில் உலர்வதும் இல்லை. காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், ஈரப் பனியன் கதகதப்பைக் காப்பதற்குப் பதிலாக அதைக் கடத்திவிடும் வேலையைச் செய்கிறது. பாலியெஸ்டர் நூல் நீரை உறிஞ்சுவதில்லை. ஈரம் துணியின் பரப்பில் பரவி விரைவில் உலர்ந்துவிடும். ஆனால் வாடை எளிதில் பிடித்துக்கொள்ளும், தினமும் துவைத்தாக வேண்டும். கம்பளியோ தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஏற்றுக்கொண்டும் தொடுவதற்கு ஈரமாகத் தோன்றாது, வாடையும் குறைவு. கம்பளி என்றதும் சொரசொரப்பான ஸ்வெட்டரை நினைக்க வேண்டாம். மெரினோ ஆட்டின் மென்மையான கம்பளியில் நெய்த உள்ளாடையைத் தோலோடு அணிந்தாலும் அரிக்காது. அலுவலகத்தில் குளிக்க வசதி இல்லாதவருக்கு நான் மெரினோவையே பரிந்துரைப்பேன்.

கேள்வி: மழையையும் தடுத்து, வியர்வையையும் வெளியேற்றும் ‘மூச்சுவிடும்’ ஜாக்கெட்டுகள் இருக்கின்றனவே, ஒன்று வாங்கிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடாதா?

பதில்: தீராது. டெஃப்லானை இழுத்து நுண்துளைப் படலமாக்கும் வழியை அமெரிக்கரான பாப் கோர் 1969-இல் கண்டறிந்தார். நீர்த்துளி புக முடியாத, நீராவி மட்டும் போகக்கூடிய துளைகள் அவை. அந்தத் தொழில்நுட்பத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. சைக்கிள் மிதிப்பவர் வியர்க்கும் வேகத்துக்கு நீராவி வெளியேறும் வேகம் ஈடுகொடுப்பதில்லை என்பதே சிக்கல். குளிரும் மழையும் சேர்ந்து வரும் நாளில் அத்தகைய ஜாக்கெட்டுக்கு மாற்று இல்லை. உலர்ந்த குளிருக்கு, மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் சாதாரண விண்ட்சீட்டரே மேல். அக்குளில் ஜிப் வைத்தது கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: செய்தித்தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டால் குளிராது என்று என் தந்தை சொல்கிறார். உண்மையா, வேடிக்கைக்குச் சொல்கிறாரா?

பதில்: உண்மைதான். டூர் டி பிரான்ஸ் போட்டியில் மலையுச்சியைக் கடக்கும் வீரர்கள், இறக்கத்துக்கு முன் செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் மார்பில் செருகிக்கொள்வது நெடுங்கால வழக்கம். தாள் காற்றையும் தடுக்கிறது, கொஞ்சம் ஈரத்தையும் உறிஞ்சுகிறது. எதிர்பாராமல் குளிர்ந்துவிட்ட ஒரு காலைக்கு இதைவிட எளிய தீர்வு இல்லை. போய்ச் சேர்ந்ததும் எடுத்துவிடலாம். சட்டையில் மை ஒட்டாமலிருக்க, தாளை உள்ளாடைக்கும் மேல்சட்டைக்கும் இடையே வைக்காமல், மேல்சட்டைக்கும் ஜாக்கெட்டுக்கும் இடையே ஒரு வெள்ளைத்தாள் சுற்றி வைத்துக்கொள்ளவும்.

கேள்வி: விரல்கள் மரத்துப்போய் பிரேக்கை அழுத்தவே முடிவதில்லை. தடித்த கையுறை அணிந்தால் பிரேக் பிடிபடுவதில்லை. கால்விரல்களும் அப்படியே. என்ன செய்வது?

பதில்: உடல் குளிரும்போது, உள்ளுறுப்புகளின் வெப்பத்தைக் காப்பதற்காகக் கை கால்களின் மேற்பரப்பிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுகின்றன. விரல்களில் வெப்பம் உண்டாக்கத் தசை மிகக் குறைவு. சைக்கிள் ஓட்டும்போது அவை அசைவதும் இல்லை, எதிர்க்காற்றை முதலில் வாங்குபவையும் அவையே. ஆகவே கையுறையை மாற்றுவதற்கு முன் மார்பையும் மணிக்கட்டையும் பாருங்கள். மார்பில் குளிர் புகுந்துகொண்டிருந்தால் எந்தக் கையுறையும் விரலைச் சூடாக்காது. தோலுக்கு அருகிலேயே இரத்தக் குழாய் ஓடும் மணிக்கட்டு, சட்டைக்கும் கையுறைக்கும் இடையே திறந்துகிடப்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

கையுறையைப் பொறுத்தவரை, தடிப்பைவிடக் காற்றுத் தடுப்பே முக்கியம். மெல்லிய கம்பளிக் கையுறை ஒன்றும், அதன்மேல் சற்றுத் தளர்வான, காற்றுப் புகாத மேலுறை ஒன்றுமாக அணிந்தால் பிரேக் கம்பியின் அழுத்தம் விரலுக்குத் தெரியும். இன்னும் கடுமையான குளிருக்கு, விரல்களை இரண்டிரண்டாகச் சேர்த்துத் தைத்த கையுறையும், ஹேண்டில் பிடியின் மேலேயே மாட்டிவைக்கும் உறையும் உண்டு. எதை வாங்கினாலும், முதல் நாள் தெருவில் இறங்குவதற்கு முன், நின்ற இடத்திலேயே பிரேக்கை முழுமையாக அழுத்திப் பாருங்கள்.

கால்விரல்களுக்கு இரண்டு காலுறை அணிவது பெரும்பாலும் எதிர்விளைவையே தரும். காலணி இறுகி, இரத்த ஓட்டம் குறைந்து, இன்னும் குளிரும். விளையாட்டுக் காலணிகளின் முன்பக்கத்தில் இருக்கும் வலைத்துணி வழியாகக் காற்று புகுவதே பெரும்பாலும் காரணம். காலணியின் முன்பாதியை மூடும் உறை, அல்லது காலுறைக்கும் காலணிக்கும் இடையே விரல்பகுதியில் ஒரு பிளாஸ்டிக் பை போதும்.

சில நிமிடக் கடுமையான வலிக்குப் பிறகு விரல்கள் தாமாகவே சூடாவதைச் சிலர் உணர்ந்திருக்கலாம். சுருங்கிய குழாய்கள் இடையிடையே விரிந்து கொடுப்பதால் நிகழ்வது அது. தாமஸ் லூயிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1930-இல் இதை விவரித்தார். மரத்த கையைக் கொதிக்கும் சூட்டுள்ள நீரில் வைக்காதீர்கள். உணர்ச்சி இல்லாததால் சுட்டாலும் தெரியாது. எல்லை வகுத்தாற்போல் விரல்கள் வெளுத்து, பிறகு நீலமாகி, பிறகு சிவந்தால், அது ரேனோ நோயாக இருக்கக்கூடும், மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்த அழுத்தத்துக்காக பீட்டா தடுப்பு மாத்திரை உட்கொள்வோருக்கும் கை கால் அதிகமாகக் குளிரலாம் என்பதையும் அவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: உடல் வெப்பத்தில் பாதி தலை வழியாகவே போய்விடும் என்பதால், ஹெல்மெட்டுக்குள் மங்கி குல்லா அணிகிறேன். சரிதானே?

பதில்: பாதி போவதில்லை. வளர்ந்தவரின் உடற்பரப்பில் தலையின் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்று. அதன் வழியாக வெளியேறும் வெப்பமும் அதே அளவில்தான் இருக்கும். முகமும் காதும் குளிரை மிகுதியாக உணர்பவை என்பதால் அப்படித் தோன்றுகிறது. தடித்த மங்கி குல்லாவால் ஹெல்மெட் மேலே ஏறி, வார் தளர்ந்து, விழும்போது அது நகர்ந்துவிட வாய்ப்புண்டு. காதையும் மூடி ஓசையைக் குறைக்கிறது. தையல் துருத்தாத மெல்லிய குல்லா, அல்லது காதை மட்டும் மூடும் பட்டை, இவற்றில் ஒன்றை அணிந்து, ஹெல்மெட்டின் வாரை அதற்கேற்ப மீண்டும் சரிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் நான்கு வயது மகளைப் பின்னிருக்கையில் வைத்துப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குச் செல்கிறேன். எனக்கு வியர்க்கும் நேரத்தில் அவள் குளிர்கிறது என்கிறாள். பொய்யில்லை என்று தெரிகிறது, ஆனாலும் புரியவில்லை.

பதில்: குழந்தை சொல்வது முற்றிலும் சரி. நீங்கள் மிதிக்கிறீர்கள், அவள் அமர்ந்திருக்கிறாள். ஆனால் இருவருக்கும் ஒரே வேகத்தில் காற்று வீசுகிறது. குழந்தையின் எடையோடு ஒப்பிட்டால் உடற்பரப்பு அதிகம் என்பதால் வெப்பமும் விரைவாகவே இழக்கப்படும். மேலே சொன்ன ‘குறைவாக உடுத்துங்கள்’ என்ற அறிவுரை அனைத்தும் அவளுக்குத் தலைகீழாகப் பொருந்தும்: கம்பளி உள்ளாடை, ஸ்வெட்டர், காற்றுப் புகாத மேலங்கி, கால்களை மூடும் போர்வை அல்லது உறை ஆகிய எல்லாமே வேண்டும். கழுத்தின் பின்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். கை விரல் குளிர்ந்திருப்பதை வைத்து முடிவுசெய்ய வேண்டாம். பெடலில் மின்மோட்டார் உதவும் சைக்கிளை ஓட்டுவோரும் ஓரளவுக்கு இதே நிலையில்தான் இருக்கிறார்கள். மோட்டார் எவ்வளவு உதவுகிறதோ அவ்வளவுக்கு அவர்கள் உடல் சூடாவதில்லை. வேகமும் காற்றும் குறைவதில்லை. ஓர் அடுக்கு கூட்டிக்கொள்ளட்டும்.

கேள்வி: தினமும் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு சைக்கிளில் செல்கிறேன். அதில் ஏதேனும் தவறு உண்டா?

பதில்: தொங்கும் முனை சக்கரத்திலோ சங்கிலியிலோ சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927-இல் காரின் சக்கரத்தில் கழுத்துத் துணி சிக்கி உயிரிழந்தார். காரின் வேகம் இங்கே இல்லையென்றாலும் சிக்கும் முறை ஒன்றே. முனை இல்லாத, குழாய் வடிவக் கழுத்துத் துணிக்கு மாறுங்கள். அதை மூக்குவரை ஏற்றிக்கொள்ளவும் முடியும்.

கேள்வி: எனக்கு ஆஸ்துமா உண்டு. குளிர்ந்த காலையில் இரண்டு கிலோமீட்டர் சென்றதும் மார்பு இறுகுகிறது. சைக்கிளை விட்டுவிட வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு விட்டுவிட வேண்டாம், அதே வேளையில் பொறுத்துக்கொண்டும் ஓட்ட வேண்டாம். குளிர்ந்த காற்றில் ஈரப்பதம் குறைவு. வேகமாக மூச்சிழுக்கும்போது மூச்சுக்குழாயின் உட்பரப்பு உலர்ந்து, குழாய் சுருங்குகிறது. மூக்கையும் வாயையும் மூடும் மெல்லிய துணி, வெளிவிடும் மூச்சின் வெப்பத்தையும் ஈரத்தையும் பிடித்துவைத்து உள்ளே போகும் காற்றுக்குத் திருப்பித் தருகிறது. முதல் பத்து நிமிடங்களை மெதுவாக ஓட்டுவதும் உதவும். புறப்படுவதற்கு முன் இன்ஹேலர் பயன்படுத்த வேண்டுமா என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். குளிரில் மிதிக்கும்போது மார்பு வலி வருபவர்களுக்கு ஒரே பதில்தான்: ஓட்டுவதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: காலையில் 9 டிகிரி, மாலையில் 24. போகும்போது அணிந்தவை திரும்பும்போது சுமையாகிவிடுகின்றன. அலுவலகத்தில் உடை மாற்றவும் ஒரு சிறிய அறையே உண்டு.

பதில்: பருவம் தவறிய குளிரின் உண்மையான தொல்லை இந்த வேறுபாடுதான். உங்களைப் போன்றவர்கள் ஒரு பெரிய ஜாக்கெட்டுக்குப் பதிலாகக் கழற்றி மடிக்கத்தக்க சிறிய துண்டுகளை வாங்குவதே நல்லது. தனியாகக் கிடைக்கும் கையுறைபோன்ற நீண்ட கைக்குழாய்களை அரைக்கைச் சட்டையோடு அணியலாம். முழங்காலுக்கும் அவ்வாறே குழாய்கள் உண்டு. இவையும் விண்ட்சீட்டரும் சேர்ந்து ஒரு பையின் பக்கவறையில் அடங்கிவிடும். முதுகுப்பையைத் தவிர்த்து, சைக்கிளின் பின்தாங்கியில் பையை மாட்டினால் முதுகு நனைவது வெகுவாகக் குறையும்.

நேரத்தையும் கவனியுங்கள். தெளிந்த வானத்தில் தரை இரவு முழுவதும் வெப்பத்தை இழந்துகொண்டிருப்பதால், மிகக் குறைந்த வெப்பநிலை நள்ளிரவில் வருவதில்லை, சூரியன் உதிக்கும் நேரத்தை ஒட்டியே வருகிறது. அரை மணி நேரம் தாமதித்துப் புறப்பட முடிந்தால் ஓர் அடுக்கையே மிச்சப்படுத்தலாம். குளிர்காற்று கனமானது, பள்ளத்தில் தேங்கும். பாலத்தடியும் ஆற்றோரமும் உள்ள வழியில் செல்பவர் அங்கே ஜிப்பை ஏற்றிக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும். மூடுபனியும் சாய்ந்த வெயிலும் கண்ணைக் கூசவைக்கும் அந்த நேரத்தில், பிறர் கண்ணில் படுவதற்கு ஒளிதிருப்பும் பட்டையைக் கணுக்காலில் கட்டுங்கள். மேலும் கீழும் அசையும் பட்டையைக் கண்டதும் வண்டியோட்டி அது சைக்கிள்காரர் என்று உணர்ந்துகொள்வார்.

அலுவலகத்துக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, ஜிப்பைத் திறந்துவிடுங்கள். ஓட்டத்தை நிறுத்திய பிறகும் வியர்வை சில நிமிடங்கள் தொடரும். காற்று இல்லாததால் அப்போதுதான் அதிகம் தெரியும். மாற்றுவதற்கு முழு உடை தேவையில்லை. உள்ளாடை ஒன்றை உலர்ந்ததாக மாற்றி, சிறிய துண்டால் முதுகையும் கழுத்தையும் துடைத்துக்கொண்டால் போதும். ஈரமான உள்ளாடையைப் பைக்குள் அடைக்காமல், மாலைக்குள் உலரும்படி எங்காவது தொங்கவிடுங்கள்.